வேலை வாங்கித் தருவது நெருங்கிய நண்பர்களா, பாதி தெரிஞ்சவங்களா? காக்கா பிடிக்காமலே நெட்வொர்க்கிங் செய்வது எப்படி?

ஒரே காலேஜ், ஒரே டிபார்ட்மென்ட், கிட்டத்தட்ட ஒரே மார்க். ஒருத்தருக்கு மூணே வாரத்தில் ஆஃபர் லெட்டர் வந்துவிடுகிறது. இன்னொருத்தர் நாக்ரி, லிங்க்ட்இன், இன்டீட் என்று கண்ணில் பட்ட தளத்தில் எல்லாம் 'அப்ளை' பட்டனை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். விசாரித்துப் பார்த்தால், முதல் ஆளின் ரெஸ்யூமேவை அந்த கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சீனியர் உள்ளே அனுப்பியிருப்பார். 'அவனுக்கு ஆள் இருக்கு... நமக்கு யாரு இருக்கா?' என்று நீங்களும் ஒருமுறையாவது புலம்பியிருப்பீர்கள்.

இந்தப் புலம்பலுக்குப் பின்னால் ஒரு தயக்கமும் இருக்கிறது. நெட்வொர்க்கிங் என்றாலே நம் ஊரில் பலருக்கு 'காக்கா பிடிக்கிறது' என்பதுதான் ஞாபகத்துக்கு வரும். பல்லைக் காட்டிச் சிரிப்பது, தேவையில்லாமல் புகழ்வது, வேலை முடிந்ததும் மறந்துபோவது. அது பிடிக்காதவர்கள் 'நமக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்குபவர்களில் திறமைசாலிகள்தான் அதிகம் என்பது என் எண்ணம். ஆனால், ஒருவருக்கு உண்மையில் வேலை எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால், அதில் காக்கா பிடிப்பதற்கான இடம் ரொம்பவே குறைவு.

ரெஃபரல் என்றால் சிபாரிசா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அந்தக் காலத்துச் சிபாரிசு என்பது, 'இவர் நம்ம ஆளு, பார்த்துச் செய்யுங்க' என்று செல்வாக்குள்ள ஒருவர் கொடுக்கும் கடிதம். தகுதி இருக்கிறதா இல்லையா என்பது அங்கே இரண்டாம்பட்சம். இன்றைய கம்பெனிகளில் இருக்கும் ரெஃபரல் வேறு. ஊழியர்களுக்கான உள்தளத்தில் காலியிடங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். அங்கே வேலை பார்ப்பவர் அந்த எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் ரெஸ்யூமேவை ஏற்றுவார். அவ்வளவுதான்.

இதனால் கிடைக்கும் லாபம் என்ன? வெளியிலிருந்து நேரடியாக அப்ளை செய்தால், நூற்றுக்கணக்கான ரெஸ்யூமேக்களில் உங்களுடையதும் ஒன்று. பல கம்பெனிகளில் அதை முதலில் படிப்பது மனிதரே இல்லை, ஒரு மென்பொருள். ரெஃபரலில் வந்தால் ஹெச்.ஆர். கண்ணில் படும் வாய்ப்பு கூடுகிறது. இன்டர்வியூவில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். கதவைத் தட்டும் சத்தம் உள்ளே கேட்கும்படி செய்வது மட்டும்தான் ரெஃபரலின் வேலை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரெஃபர் செய்பவருக்குப் பல நிறுவனங்கள் ஊக்கத்தொகை தருகின்றன. புதிதாகச் சேர்ந்தவர் சில மாதங்கள் தாக்குப்பிடித்த பிறகுதான் பெரும்பாலும் அந்தப் பணம் கைக்கு வரும். ஆக, நீங்கள் கேட்பது பிச்சை அல்ல. பொருத்தமான ஆளாக இருந்தால் உங்களை ரெஃபர் செய்வதில் அவருக்கும் லாபம். பொருந்தாத ஆளை அனுப்பினால் கெடுவது அவர் பெயர். அதனால்தான் முன்பின் தெரியாதவர் 'ப்ளீஸ் ரெஃபர் மீ' என்று கேட்டதும் யாரும் உடனே தலையாட்டுவதில்லை.

நண்பன் அல்ல, தெரிஞ்சவர்!

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு, அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் செய்தது. பாஸ்டன் அருகிலுள்ள நியூட்டன் நகரில், வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களிடம் 'இந்த வேலை பற்றிய தகவல் எப்படிக் கிடைத்தது?' என்று கேட்டார். பலருக்கும் யாரோ ஒருவர் வழியாகத்தான் தெரியவந்திருந்தது. 'அவர் உங்கள் நண்பரா?' என்று கேட்டபோது பலர் அவரைத் திருத்தினார்கள். நண்பர் இல்லை, தெரிஞ்சவர்.

தகவல் தந்தவரை அந்தக் காலகட்டத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. வாரம் இரண்டு முறையாவது சந்தித்தோம் என்றவர்கள் 16.7 சதவிகிதம்தான். எப்போதாவது சந்திப்போம் என்றவர்கள் 55.6 சதவிகிதம். வருடத்துக்கு ஒருமுறை, அல்லது அதுகூட இல்லை என்றவர்கள் 27.8 சதவிகிதம். பழைய காலேஜ் நண்பர், முன்பு கூட வேலை பார்த்தவர், பழைய மேனேஜர்... இப்படி, தொடர்பு ஏறக்குறைய அறுந்துபோனவர்கள்தான் வேலைக்கு வழி காட்டியிருந்தார்கள். 1973-ல் வெளியான அந்தக் கட்டுரை இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் முந்தைய வடிவத்தை 1969-ல் வேறொரு இதழ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது தனிக்கதை.

ஏன் இப்படி? உங்கள் நெருங்கிய கேங்கை நினைத்துப் பாருங்கள். ஒரே வாட்ஸ்அப் குரூப், ஒரே டீக்கடை, ஒரே மாதிரி காலேஜ். உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். அவர்களும் உங்களைப்போலவே வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள், புதுத் தகவல் கொடுக்க முடியாது. பாதி தெரிஞ்சவர் இருப்பது வேறு உலகத்தில். அங்கே நடப்பது உங்கள் கேங்கில் யாருக்கும் தெரியாது.

'அது 50 வருஷத்துக்கு முந்தைய கதை' என்கிறீர்களா? 2022-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கார்த்திக் ராஜ்குமாரும் மற்ற ஆய்வாளர்களும் லிங்க்ட்இன் தளத்தில் 5 ஆண்டுகளில் 2 கோடி பேரிடம் நடந்த பரிசோதனைகளை அலசினார்கள். 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று தளம் காட்டுமே, அந்தப் பரிந்துரைகளைச் சிலருக்கு ஒரு மாதிரியும் சிலருக்கு வேறு மாதிரியும் மாற்றிப் பார்த்த பரிசோதனைகள் அவை. (பயன்படுத்தியவர்களில் பலருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது என்று சர்ச்சையும் கிளம்பியது.) முடிவு? வேலை மாறுவதற்கு நெருங்கிய உறவுகளைவிட ஓரளவு தெரிந்தவர்களே அதிகம் உதவினார்கள். சுத்தமாகத் தொடர்பே இல்லாதவர்களும் அவ்வளவாக உதவவில்லை. பொதுவான அறிமுகங்கள் கொஞ்சமாவது இருப்பவரிடமிருந்துதான் பலன்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல், நம் ஊருக்கு முக்கியமானது. பாதி தெரிஞ்சவர்கள் அதிகம் கைகொடுப்பது டிஜிட்டல் சார்ந்த துறைகளில். டிஜிட்டல்மயம் குறைவான துறைகளில் நெருங்கிய உறவுகளுக்கே வலு அதிகம். அதனால் ஐ.டி-யில் இருப்பவர் பழைய சீனியரைத் தேடுவது புத்திசாலித்தனம். மாமாவின் நண்பர் வைத்திருக்கும் பட்டறையில் சேர நினைப்பவர் நேரே மாமாவிடமே பேசலாம்.

யாரெல்லாம் இந்தப் பாதி தெரிஞ்சவங்க?

'எனக்கு அப்படி யாருமே இல்லை' என்று சொல்வதற்கு முன், போனில் கான்டாக்ட் லிஸ்ட்டைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். சிம்போசியத்தில் உங்களை வேலை வாங்கிய சீனியர். இன்டர்ன்ஷிப்பில் ஐ.டி. கார்டு வாங்கிக்கொடுத்த அண்ணன். ஹாஸ்டலில் எதிர் ரூமில் இருந்தவர். போட்டித் தேர்வு கோச்சிங்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாதியில் நின்றுவிட்டவர். புராஜெக்ட்டுக்கு கைடாக இருந்துவிட்டு வேறு காலேஜுக்குப் போன மேடம். இவர்கள் ஒவ்வொருவரும் இப்போது ஓரிடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஆள், உங்கள் டீமிலிருந்து ராஜினாமா செய்து போனவர். ஃபேர்வெல் கேக் வெட்டி, போட்டோ எடுத்து, 'டச்சுல இருப்போம்' என்று சொல்லி அனுப்பியதோடு அவரை மறந்திருப்போம். ஆனால், அவர் இப்போது இருப்பது புது கம்பெனி. நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்பது அவருக்கு நேரிலேயே தெரியும். இந்த இரண்டும் சேர்ந்த ஆள் கிடைப்பது அபூர்வம். கடைசி நாளன்று அவரிடம் சொந்த போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வது, லிங்க்ட்இன்னில் முகம் தெரியாத 500 பேரைச் சேர்ப்பதைவிட மேல். (500-ஐத் தாண்டினால் எண்ணைக் காட்டாமல் '500+' என்று மட்டும்தான் அந்தத் தளமே காட்டும். அதற்கு மேல் எண்ணிக்கை வெறும் பெருமைதான்.)

எப்படி மெசேஜ் அனுப்புவது?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மூன்று வருடமாகப் பேசாத சீனியருக்கு ஒரு காலையில் 'ஹாய் அண்ணா' என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது ஒரு வகை. அவர் 'சொல்லுப்பா' என்று கேட்க வேண்டும், பிறகு நலம் விசாரிக்க வேண்டும், அப்புறம் விஷயத்துக்கு வர வேண்டும். வேலைக்கு நடுவில் யாருக்கு இதற்கு நேரம் இருக்கிறது? இன்னொரு வகை, ரெஸ்யூமேவை இணைத்து 'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்பது. 'ஏதாவது' என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வேலை என்று அவரே யோசித்து, தேடி, பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் அக்கா. நான் நம்ம காலேஜ்ல 2024 இ.சி.இ. பேட்ச். நீங்க ஃபைனல் இயர் படிக்கும்போது சிம்போசியத்துல உங்க டீம்ல வாலன்டியரா இருந்தேன். இப்போ டெஸ்ட்டிங்ல ஒன்றரை வருஷ அனுபவம் இருக்கு. உங்க கம்பெனியில ஆட்டோமேஷன் டெஸ்ட்டர் வேலைக்கு அறிவிப்பு பார்த்தேன். அந்த டீம்ல எந்த டூல் அதிகம் யூஸ் பண்றாங்கன்னு தெரிஞ்சா, அதுக்கேத்த மாதிரி தயாராகலாம்னு இருக்கேன். டைம் கிடைக்கும்போது சொன்னா போதும்க்கா."

நீங்கள் யார், அவருக்கு உங்களை எப்படித் தெரியும், எந்த வேலை, என்ன கேட்கிறீர்கள் எல்லாமே இதில் வந்துவிட்டது. முக்கியமாக, ரெஃபரல் கேட்கவே இல்லை. அவர் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். பதில் சொல்லும்போதே பலரும், 'ரெஸ்யூமே அனுப்பு, போட்டு விடறேன்' என்று அவர்களாகவே சொல்வார்கள். சொல்லாவிட்டால், அவர் தந்த தகவலுக்கு நன்றி சொல்லி, 'தயாரானதும் உங்க வழியா அப்ளை பண்ணலாமா?' என்று இரண்டாவது மெசேஜில் கேளுங்கள். அப்போது அந்த வேலையின் எண், ரெஸ்யூமே, 'இந்த வேலைக்கு நான் ஏன் பொருந்துவேன்' என்று மூன்று வரி... எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் கொடுத்துவிடுங்கள். அவர் காப்பி-பேஸ்ட் செய்தால் போதும் என்ற அளவுக்கு வேலையைக் குறைத்துக் கொடுப்பதுதான் உண்மையான மரியாதை.

கூப்பிடும் முறையிலும் சிலருக்குக் குழப்பம். காலேஜில் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டவரை லிங்க்ட்இன்னில் திடீரென்று 'டியர் சார்' ஆக்கினால் அந்நியமாகிவிடும். பழைய முறையே போதும். முகம் தெரியாதவர் என்றால் சார், மேடம். 'ப்ரோ' மட்டும் வேண்டாமே!

பதில் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நீல டிக்கைப் பார்த்து மனதை நோகடித்துக்கொள்ள வேண்டாம். அவருக்கும் அங்கே ஏதோ ஒரு ரிலீஸ், ஏதோ ஒரு டெட்லைன் இருக்கும்.

போனுக்கு வெளியிலும் ஆட்கள் இருக்கிறார்கள்

தெரிந்தவர்களே குறைவு என்றால், புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இதற்குக் கோட் சூட் போட்டு விசிட்டிங் கார்டு நீட்டும் ஹோட்டல் கூட்டங்களுக்குப் போக வேண்டியதில்லை. புரோகிராமிங்கில் ஆர்வம் இருந்தால், சென்னையில் 'சென்னைபை' என்ற பைத்தான் பயனர் குழு மாதந்தோறும் கூடுகிறது. லினக்ஸ் ஆர்வலர்களுக்குச் சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இருக்கிறது. காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களிலும் இப்படியான குழுக்கள் உண்டு. தமிழிலேயே கேள்வி கேட்கலாம், ஒன்றும் தெரியாமல் போய் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கம் நடத்தும் 'ஆக்மி' இயந்திரக் கண்காட்சி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும். கோவையில் கொடிசியா வளாகத்தில் 'இன்டெக்' கண்காட்சி. ஒவ்வொரு ஸ்டாலிலும் அந்த கம்பெனியின் இன்ஜினீயர்களே நிற்பார்கள். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறையும் நேரத்தில் போய், 'இந்த மெஷின்ல டூல் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்டுப் பாருங்கள். அவர்களே உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சி.ஏ. படிப்பவர்களுக்கு அவர்களின் இன்ஸ்டிட்யூட் கிளைகள் நடத்தும் கூட்டங்கள், சிவில் இன்ஜினீயர்களுக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்டின் நிகழ்ச்சிகள் என்று ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஓர் இடம் இருக்கும்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு வழி. பார்வையாளராகப் போகாமல் வாலன்டியராகப் போங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் டேபிளில் உட்கார்ந்து பேட்ஜ் கொடுத்தாலே, வருகிற அத்தனை பேரும் உங்களிடம் வந்து பேசியாக வேண்டும். பேச்சை ஆரம்பிக்கும் கஷ்டமே இல்லை. அன்று இரவே, சந்தித்தவர்களில் இரண்டு பேருக்கு மட்டும், 'இன்னிக்கு நீங்க சொன்ன அந்த விஷயம் பயனுள்ளதா இருந்துச்சு' என்று ஒரு வரி அனுப்புங்கள். இருபது பேருக்கு வேண்டாம். இரண்டு பேர் போதும்.

பணம் கேட்டால் நழுவிவிடுங்கள்

ஒரு எச்சரிக்கை. ரெஃபரலுக்கு விலை கிடையாது. 'உள்ளே ஆள் இருக்கு, 50,000 ரூபாய் கொடுத்தா போதும்' என்றோ, 'டிரெயினிங் டெபாசிட்' என்றோ, 'லேப்டாப்புக்கு முன்பணம்' என்றோ யாராவது கேட்டால், அது வேலை அல்ல, வலை. அனுப்புபவர் உங்களுக்கு நன்கு தெரிந்தவராக இருந்தாலும்கூட! பல நேரம் அவரும் ஏமாந்தவராகவே இருப்பார்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஏஜென்ட்டுகளை நம்பிப் போன இந்திய இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் 'இமைக்ரேட்' தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆன்லைனில் பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

உள்ளே போன பிறகு...

நெட்வொர்க்கிங் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லோருக்கும் ஆரம்பப்புள்ளி ஒன்று அல்ல. அப்பா மேனேஜர், சித்தப்பா அமெரிக்காவில் என்று இருக்கும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்திலேயே நெட்வொர்க்கிங் நடந்துவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி வாங்கியவருக்கு, ஹெச்.ஆர். என்பவர் யார், சி.டி.சி. என்றால் என்ன என்று சொல்லித்தரக்கூட வீட்டில் ஆள் இருக்காது. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமேன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் டெல்லியில் ஹெச்.ஆர். மேனேஜர்களைப் பேட்டி கண்டு 2007-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். திறமைதான் முக்கியம் என்று சொன்ன அதே மேனேஜர்கள், இன்டர்வியூவில் 'குடும்பப் பின்னணி என்ன?' என்று கேட்பதை மிக இயல்பான விஷயமாக நினைத்தார்கள். அந்தக் கேள்வி யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ரெஃபரலிலும் இதே ஆபத்து உண்டு. உள்ளே இருப்பவர்கள் தங்கள் காலேஜ், தங்கள் ஊர், தங்கள் சாதி என்று தெரிந்தவர்களையே இழுத்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் அந்த டீமே ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிடும். கம்பெனிக்கும் நஷ்டம்தான். எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள்.

அதனால், நாளைக்கே உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. முதலில், உதவிய அக்காவுக்கு, 'ஜாயின் பண்ணிட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். கிடைக்காவிட்டாலும், 'இந்த ரவுண்டில் போயிடுச்சு' என்று சொல்லுங்கள். என்ன ஆனது என்றே தெரியாமல் விடப்படுபவர் அடுத்த ஜூனியருக்கு உதவத் தயங்குவார்.

அப்புறம், சில மாதங்களில் உங்கள் இன்பாக்ஸுக்கும் மெசேஜ்கள் வர ஆரம்பிக்கும். ஏதோ ஒரு ஊரில் பெயர் தெரியாத காலேஜில் படித்த ஒருவர், தப்பும் தவறுமான இங்கிலீஷில், 'ப்ளீஸ் ரெஃபர் மீ சார்' என்று கேட்பார். எல்லோரையும் ரெஃபர் செய்ய முடியாது. 'இப்போ எங்க டீம்ல ஆள் எடுக்கலை. இந்த வேலைக்கு எஸ்.க்யூ.எல். கட்டாயம் கேக்கறாங்க, அதை ரெடி பண்ணிட்டு ரெஸ்யூமே அனுப்புங்க' என்று தமிழில் இரண்டு வரி எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆட்டோமேட்டிக் பதில்களையே பார்த்துப் பழகியவருக்கு, ஒரு கம்பெனிக்கு உள்ளே இருந்து ஒரு மனிதர் எழுதிய முதல் பதிலாகக்கூட அது இருக்கலாம்.